தனுஷ்கோடியிலிருந்து சாயல்குடி வரை: ராமநாதபுரம் கடலோரத்தில் சைக்கிள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் தொடங்கி, பாம்பன், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை நான்கு நாட்களில் சைக்கிளில் செல்வதற்கான வழிமுறை இது. பயணத்தின் பெரும்பகுதியில் உங்களுக்குத் தெற்கே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் வரிசையாகக் கிடக்கும். ஒரே மூச்சில் 40 கி.மீ. ஓட்டிப் பழகியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்; இன்னும் அந்த அளவுக்கு வராதவர்கள் முதலில் உள்ளூரிலேயே ஒரு மாதம் பழகிக்கொள்வது நல்லது.

மேகமலையிலும் கொடைக்கானல் சரிவிலும் ஓட்டிவிட்டு இங்கு வருபவர்கள், ஏற்றமே இல்லாத சாலை என்பதால் தூரத்தை மட்டும் கூட்டிக் கழித்துத் திட்டம் போடுகிறார்கள். காற்றுதான் இந்தக் கரையின் மலை. சாதகமான காற்றில் இரண்டு மணி நேரத்தில் முடியும் அதே தூரம், எதிர்க்காற்றில் நான்கு மணி நேரம் ஆகலாம். மலையிலாவது ஏறிய பிறகு இறக்கம் உண்டு, இங்கே அதுவும் இல்லை. ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். வரிசையை மாற்றி, முதலில் விடுதியையும் ரயிலையும் பதிவு செய்துவிட்டுக் கடைசியில் காற்றைப் பார்ப்பவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள்.

1. முதலில் காற்றைப் பார்த்துக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கரையில் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். மழைக்காலம் தொடங்கிப் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை வீசும். மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. புயல் சின்னங்கள் உருவாகும் மாதங்களும் அவையே. ஏப்ரல், மே மாதங்களில் காற்று தணிந்தாலும் நிழலில்லாத சாலையில் வெயில் தாங்காது.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், புதியவருக்கு ஏற்ற காலம் பொங்கலுக்குப் பிறகு தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை நீடிக்கிறது. மழை ஓய்ந்திருக்கும், வாடை தன் மூர்க்கத்தை இழந்திருக்கும், கண்மாய்களில் இன்னும் தண்ணீர் கிடப்பதால் பறவைகளும் இருக்கும்.

அந்தக் காலத்துக்குள்ளும் சில நாட்களைத் தவிர்க்க வேண்டும். தை அமாவாசை, மகா சிவராத்திரி ஆகிய நாட்களில் ராமேசுவரம் நெடுஞ்சாலை வேன்களாலும் பேருந்துகளாலும் நிரம்பிவிடும். அந்தக் காலத்துக்குச் சற்று முன்பு வரும் சபரிமலை சீசனில், குறிப்பாக டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மகரவிளக்கு வரை, இரவெல்லாம் ஓட்டிவந்து கண் சொக்கும் ஓட்டுநர்கள் விடியற்காலையில் இந்தச் சாலையில் வருவார்கள். நீங்கள் கிளம்ப வேண்டிய நேரமும் அதுவே என்பதால் அந்தச் சீசனை முற்றிலும் விட்டுவிடுவது மேல்.

காலம் முடிவானதும், புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பிருந்து வானிலை முன்னறிவிப்பில் காற்றின் திசையையும் வேகத்தையும் குறித்துவாருங்கள். மணிக்கு 20 கி.மீ. வரை கவலையில்லை. 30-ஐ நெருங்கினால் அன்றைய தூரத்தைப் பாதியாக்குங்கள். அதற்கும் மேல் என்றால் தனுஷ்கோடிப் பகுதியையும் பாம்பன் பாலத்தையும் வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டோ அதற்கு மேலோ ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் யோசிக்கவே வேண்டாம். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள சைக்கிளின் நிலை புரியும்.

2. காற்று முதுகில் படும்படி திசையை வையுங்கள்

ராமேசுவரத்திலிருந்து சாயல்குடிக்குச் செல்லும் பாதை, வளைவுகளைக் கழித்துப் பார்த்தால், கிழக்கிலிருந்து மேற்கு தென்மேற்காகச் சரிகிறது. எனவே வாடைக் காலத்தில் ராமேசுவரத்தில் தொடங்குங்கள். கச்சான் காலத்தில் போகவேண்டிய கட்டாயம் இருந்தால் சாயல்குடியில் தொடங்கி ராமேசுவரத்தில் முடியுங்கள். புனிதத் தலத்தில் பயணத்தை முடிக்க வேண்டும் என்ற ஆசையில் ஜனவரியில் சாயல்குடியிலிருந்து கிளம்புபவர்கள், நான்கு நாட்களும் வாடையை மார்பில் வாங்கிக்கொண்டு, கடைசிப் பகுதியை வேனில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

தனுஷ்கோடிச் சாலை மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுவதால் வாடை, கச்சான் இரண்டுமே அங்கு பக்கவாட்டில்தான் அடிக்கும். அதை எப்படிச் சமாளிப்பது என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

நாளுக்குள்ளும் காற்று மாறும். வெயில் ஏறித் தரை சூடானதும், முற்பகல் பத்து மணிக்கு மேல், கடற்காற்று வலுக்கும். விடியலில் கிளம்பிப் பத்தரைக்குள் அன்றைய பங்கை முடித்துவிடுவது வெயிலுக்காக மட்டும் சொல்லப்படும் விதி அல்ல.

3. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது

1986-இல் அறிவிக்கப்பட்ட இந்தத் தேசியப் பூங்கா, ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறை, கடற்புல் பரப்புகளையும் உள்ளடக்கியது. பரப்பளவு 560 சதுர கி.மீ. தீவுகளுக்கு வனத்துறையின் அனுமதி இல்லாமல் போக முடியாது. மீனவர் ஒருவரிடம் பணம் கொடுத்து ‘சும்மா ஒரு சுற்று’ போய்வரலாம் என்று நினைக்காதீர்கள்; அதில் மாட்டிக்கொண்டால் வழக்கு உங்களோடு நிற்காது, அவருடைய படகும் பிழைப்பும் சேர்ந்து போகும். பவளப்பாறைகளைக் காண விரும்பினால், வனத்துறை நடத்தும் படகுச் சவாரி அன்று இயங்குகிறதா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் சவாரி இருக்காது.

கரையில் கிடக்கும் பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இறந்து காய்ந்திருந்தாலும் அவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கும் திட்டத்தையும் கைவிடுங்கள். இது எல்லைக் கடல்; கடலோரக் காவல் குழுமத்தின் ரோந்து இரவில் உண்டு, இருட்டில் மணலில் படுத்திருக்கும் அந்நியரை அவர்கள் சும்மா விடமாட்டார்கள். மேலும் ஆண்டின் முதல் நான்கு மாதங்கள் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், வெளிச்சம் கண்டால் அவை திரும்பிவிடும். ஆதார் அட்டையைக் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள். ட்ரோன் கொண்டுவர வேண்டாம்.

4. சைக்கிளைத் தயார் செய்தல்

கியர் வண்டியா, கடைக்காரர் ஓட்டும் பழைய கறுப்பு வண்டியா என்பதைவிட டயரின் அகலம்தான் இங்கே முக்கியம். 35 முதல் 40 மி.மீ. அகலம் போதும். 25 மி.மீ. பந்தய டயர் தனுஷ்கோடி மணலில் புதையும். மலைப்பாதைக்கான தடித்த குமிழ் டயர் தார்ச்சாலையில் வீணாக உழைப்பை வாங்கும். காற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்து, 40 மி.மீ. டயரில் 50 பி.எஸ்.ஐ. அளவுக்கு வையுங்கள்.

அடுத்தது வால்வு. புதியவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. கடலோர ஊர்களில் பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்குள்ள காற்று அடிக்கும் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது, கைப்பம்பு சாதாரண சைக்கிள் வால்வுக்கானது. விலையுயர்ந்த வண்டிகளில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு இரண்டுமே பொருந்தாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. 700சி, 29 அங்குல அளவு டியூப்கள் ராமநாதபுரத்தைத் தாண்டினால் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு உபரி டியூப்களை மதுரையிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சீட் கம்பி, பெடல் மரை, ஹேண்டில்பார் தண்டு ஆகியவற்றைக் கழற்றிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். உப்புக் காற்று அலுமினியத்தையும் இரும்பையும் ஒன்றோடொன்று இறுகப் பற்ற வைத்துவிடும். பயணம் முடிந்து வீட்டில் பெடலைக் கழற்ற முயலும்போதுதான் இதன் அருமை தெரியும். செயின் தேய்ந்திருந்தால் புதிது மாட்டிக்கொண்டே கிளம்புங்கள்.

பின்விளக்கு, முன்விளக்கு, வலப்பக்கக் கண்ணாடி ஆகிய மூன்றும் கட்டாயம். எதிர்க்காற்றில் பின்னால் வரும் லாரியின் சத்தம் காதில் விழாது. கண்ணாடி இல்லாவிட்டால் அது உரசிக்கொண்டு போகும்போதுதான் தெரியும்.

5. முள்ளும் பஞ்சரும்

மாவட்டம் முழுவதும் சீமைக்கருவேலம். சாலையோரத்தில் அது இல்லாத இடம் உண்டென்றால் அங்கே உடைமரம் நிற்கும். முள் மரத்தடியில் மட்டும் கிடப்பதில்லை. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிய சுமைகள் டிராக்டரில் போகும்போது சாலையோரம் முழுக்க உதிர்கின்றன. ஆடு மேய்ப்பவர்கள் ஒடித்துப் போட்ட கிளைகளும் அங்கேயே கிடக்கின்றன. ஆகவே தார்ச்சாலையின் விளிம்பிலும் அதற்கு வெளியே உள்ள மண்ணிலும் ஓட்டாதீர்கள். விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே ஓட்டுவது அச்சமாகத் தோன்றலாம், ஆனால் வண்டிச் சக்கரங்கள் முள்ளை ஒதுக்கிச் சுத்தமாக்கிய தடம் அதுதான்.

நிழலுக்காக நிறுத்தும்போதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாதிப் பஞ்சர்கள் ஓய்வு நேரத்தில் வாங்கப்படுபவை.

டயரில் முள் குத்தி நிற்பதைக் கண்டால், காற்று இறங்காதவரை அதைப் பிடுங்காதீர்கள். முள்ளே அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். அடுத்த ஊர் வரை அப்படியே ஓட்டிச்சென்று, நிழலில் உட்கார்ந்து ஒட்டலாம். டியூப்லெஸ் டயரில் அடைப்பான் திரவம் ஊற்றியிருந்தால் மட்டும் உடனே பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். இந்தக் கரைக்கு அந்தத் திரவத்தைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை என்பது என் கருத்து. சாதாரண டியூபிலும் வால்வு கழற்றக்கூடியதாக இருந்தால் அதை ஊற்றலாம்.

ஒட்டும் வரிசை இது: டயரைக் கழற்றும் முன், டியூப் சக்கரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதை வால்வை வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள். டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அதற்கு நேரான இடத்தை டயரில் தேடினால் முள் அகப்படும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. சீமைக்கருவேல முள் டயருக்குள் முனை ஒடிந்து நின்றுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பழைய துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுவதும் ஒரு சுற்று தேயுங்கள். முனை இருந்தால் துணி சிக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும். இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தியவர்கள் அடுத்த இரண்டு கிலோமீட்டருக்குள் மறுபடியும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

6. முதல் நாள்: ராமேசுவரம் – அரிச்சல்முனை – ராமேசுவரம்

தனுஷ்கோடிச் சாலை முடியும் முனைதான் அரிச்சல்முனை. போக வர ஏறத்தாழ 45 கி.மீ. மூட்டைகளை விடுதியிலேயே வைத்துவிட்டு வெறும் வண்டியில் செல்லுங்கள். பக்கவாட்டுக் காற்றுக்குப் பைகள் பாய்மரம் போலாகிவிடும் என்பதே காரணம்.

தனுஷ்கோடிக்குள் இரவில் தங்க அனுமதி இல்லை. மாலையில் அனைவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சோதனைச் சாவடி திறக்கும் நேரத்தை முந்தின மாலை விடுதியில் கேட்டுக்கொண்டு, திறந்தவுடன் உள்ளே போகும்படி கிளம்புங்கள். ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் வரிசை கட்டும்.

தண்ணீர் மூன்று லிட்டர் எடுத்துச்செல்லுங்கள். வழியில் பொரித்த மீன் விற்கும் கொட்டகைகளும் சிறு கடைகளும் உண்டு என்றாலும் அதிகாலையில் அவை திறந்திருக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது.

இனி காற்று. வாடைக் காலத்தில் போகும்போது காற்று உங்கள் இடப்பக்கமிருந்து அடித்து உங்களைச் சாலையின் நடுவுக்குத் தள்ளும். திரும்பும்போது வலப்பக்கமிருந்து அடித்து ஓரத்து மணலுக்குத் தள்ளும். கச்சான் காலத்தில் இது அப்படியே தலைகீழாகும். நடுவுக்குத் தள்ளும் வேளைதான் ஆபத்தானது. பெரிய வண்டி ஒன்று உங்களைக் கடக்கும் கணத்தில் காற்று மறைந்து, அது கடந்ததும் மறுபடி ஓங்கி அறையும். அந்த நேரத்தில் உடம்பைத் தாழ்த்தி, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடித்தால் தோளில் படும் ஒவ்வொரு தள்ளும் நேராகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

சாலையில் மணல் நாக்குகள் ஏறியிருக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது, திருப்பவும் கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராக, பெடலை நிறுத்தாமல் மெல்ல மிதித்துக் கடந்துவிடுங்கள்.

ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் அலையடிக்கும் ஆண்கடல் என்று உள்ளூரார் சொல்வதைக் கேட்டுவிட்டு, அமைதியான பக்கம் குளிக்கலாம் என்று இறங்குபவர்கள் உண்டு. முனையில் இரண்டு பக்கமும் நீரோட்டம் இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் சாலையோரத் தேங்குநீரில் பூநாரைகள் நிற்கும். இப்பகுதியை 2025-இல் அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. படம் எடுக்கச் சேற்றில் இறங்கி நெருங்கினால் கூட்டம் எழுந்து பறந்துவிடும், உங்கள் காலும் சிக்கிக்கொள்ளும். சாலையிலேயே நின்று பாருங்கள். கைப்பேசியில் ரோமிங்கை அணைத்து வையுங்கள், முனைக்கு அருகே இலங்கை அலைவரிசை பிடித்துக்கொள்வது உண்டு.

7. இரண்டாம் நாள்: பாம்பன் பாலமும் நெடுஞ்சாலையும்

ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கி.மீ. பயணத்திலேயே போக்குவரத்து நெருக்கடி மிகுந்த பகுதி இது. பாலம் சுமார் 12 கி.மீ. தொலைவில் இருப்பதால், சூரியன் எழும் வேளையில் பாலத்தில் இருக்கும்படி ஐந்தரை மணிக்குள் கிளம்பினால் போதும்.

பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுப்பகுதி உயர்ந்திருப்பதால் இந்த நான்கு நாட்களில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஏற்றமும் அதுவே. ஏறுவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே உள்ள இரும்பு இணைப்புகளைச் செங்குத்தாக, நேராகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால், அதிலும் பனி ஈரம் இருந்தால், முன்சக்கரம் வழுக்கும்.

நிறுத்தக் கூடாது என்றிருந்தும் பாலத்தின் மேல் சுற்றுலா வண்டிகள் ஓரம்கட்டி நிற்கும், கதவுகள் திடீரென்று திறக்கும். அவற்றை ஒட்டியபடி புகாமல், பின்னால் பார்த்து, கை காட்டி, ஒரு கதவு அகலம் விட்டுக் கடந்து செல்லுங்கள். கடலையும் புதிய ரயில் தூக்குப் பாலத்தையும் பார்க்க வேண்டுமென்றால் சைக்கிளைப் பாலத்தின் முடிவில் நிறுத்திவிட்டு நடைபாதையில் நடந்து வாருங்கள்.

மண்டபத்துக்குப் பிறகு உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் வரை சொல்வதற்கு அதிகமில்லை. காலைச் சாப்பாட்டை மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ முடித்துவிடுங்கள். ராமநாதபுரத்தில் தங்குங்கள், பெரிய சைக்கிள் கடைகள் இருக்கும் கடைசி ஊர் இதுதான் என்பதால் வண்டியில் ஏதேனும் குறை தெரிந்தால் அன்று மாலையே சரிசெய்துகொள்ள வேண்டும்.

8. மூன்றாம் நாள்: திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி

நேர்வழியில் 27 கி.மீ. அளவுதான், திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்கு விலகிப் போய் வந்தாலும் நாற்பதுக்குள் அடங்கும். தூரத்தைக் குறைவாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. திருப்புல்லாணிக் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் செல்ல நேரம் வேண்டும். இறுக்கமான சைக்கிள் அரைக்கால்சட்டையோடு உள்ளே போவது முறையல்ல. ஒரு வேட்டியோ முழுக்கால்சட்டையோ பையின் மேலாக, சட்டென எடுக்கும்படி வைத்திருங்கள்.

சேதுக்கரையிலிருந்து கடலை ஒட்டியே கீழக்கரைக்குப் போய்விடலாம் என்று கைப்பேசி வரைபடம் ஆசை காட்டும். இந்தக் கரையில் வரைபடம் காட்டும் மெல்லிய கோடுகளில் பல, வலை உலர்த்தும் மணலுக்குள்ளோ தென்னந்தோப்பு வேலிக்குள்ளோ போய் முடிபவை. நான் பின்பற்றும் விதி எளிது: “அண்ணே, இந்தப் பாதையில டவுன் பஸ் போகுமா?” என்று கேளுங்கள். போகும் என்றால் சைக்கிளும் போகும். மினி பஸ்கூடப் போகாது என்றால் வந்த வழியே நெடுஞ்சாலைக்குத் திரும்புங்கள்.

கீழக்கரையில் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் சேர்த்துக் கிண்டிய அந்த இனிப்பு, வெயிலில் கெடாது, உடனடித் தெம்பும் தரும். வெளிநாட்டு எனர்ஜி பார் எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. ரமலான் மாதத்தில் வருபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும். அன்றைய மதிய உணவை ராமநாதபுரத்திலேயே கட்டிக்கொண்டு, தெருவில் வைத்துப் பிரிக்காமல் ஒதுக்குப்புறமாகச் சாப்பிடுங்கள். ஏர்வாடியில் சந்தனக்கூடு விழா நாட்களில் அறை கிடைக்காது. அது ஹிஜ்ரி நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் முன்நகரும் என்பதால் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திட்டமிடுங்கள்.

9. நான்காம் நாள்: உப்பளங்களும் பனங்காடும்

ஏர்வாடியிலிருந்து சாயல்குடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 30 கி.மீ. இடையில் வாலிநோக்கத்துக்குத் தெற்கே விலகிச்சென்றால் உப்பளங்களைக் காணலாம். உப்பு லாரிகள் போகும் சாலையில் சிந்திய உப்பும் நீரும் சேர்ந்து வழுக்கலான பசையாகிவிடும். திருப்பங்களில் வேகத்தைக் குறையுங்கள். உப்பளப் பாத்தி வரப்புகள் நடப்பதற்கு மட்டும், அதுவும் அங்கு வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு.

இந்த நாளில் ஊர்களுக்கிடையே இடைவெளி அதிகம், நிழல் குறைவு. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முக்கால் லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அதில் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்துவையுங்கள். வழியில் அடிகுழாய்களைப் பார்த்து மகிழ வேண்டாம், பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. தாகத்தை அது கூட்டும். குடங்களோடு பெண்கள் வரிசையாகக் காத்திருக்கும் குழாயில் வருவது குடிநீர்தான், ஆனால் அந்த வரிசையில் முன்னால் போய் நின்று பாட்டிலை நீட்டாதீர்கள். கேன் தண்ணீர் விற்கும் கடையில் வாங்குவதே நியாயம்.

சாயல்குடிப் பக்கம் பனைகள் அடர்ந்து நிற்கும். பருவம் தொடங்கியிருந்தால் பதநீர் கிடைக்கும். காலையில் இறக்கியதை உடனே குடிக்க வேண்டும். வெயில் ஏறியபின் புளித்துவிடும், அதைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு கிடைத்தால் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கண்மாய்களில் தண்ணீர் இருக்கும் ஆண்டாக இருந்தால், வடக்கே உள்ள மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயத்துக்கு மறுநாள் காலை ஒரு நடை போய்வரலாம்.

10. தினமும் மாலையில் உப்பைக் கழுவுங்கள்

விடுதிக்கு வந்ததும் குளிக்கப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். குளித்தபின் எவரும் செய்வதில்லை.

செயின், பல்சக்கரங்கள், ஸ்போக்குகள், பிரேக் கம்பிகள் ஆகியவற்றின் மேல் மெதுவாக நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் துடைத்து, காய்ந்தபின் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். விடுதிக் குழாயில் வருவதும் உவர்நீராக இருக்கக்கூடும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பாக இருந்தால் அழுக்கை அதில் கழுவிவிட்டு, கடைசி இரண்டு லிட்டரைக் கேன் தண்ணீரில் ஊற்றுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயைச் செயின் எண்ணெயாகப் பயன்படுத்தாதீர்கள். அது ஏற்கெனவே இருக்கும் பசையையும் கரைத்துவிட்டு மறுநாள் காலைக்குள் ஆவியாகிவிடும். டிஸ்க் பிரேக் வட்டில் எண்ணெய் துளியும் படக் கூடாது.

இரவில் வண்டியை வெளியே நிறுத்தினால் உப்புப் பனி படியும். அறை பதிவு செய்யும்போதே தரைத்தளத்தில் அறை கேட்டு, சைக்கிளை உள்ளே வைக்க ஒப்புக்கொள்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் விரிக்கப் பழைய சாக்கு ஒன்றைக் காட்டினால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

11. எப்போது நிறுத்துவது, எப்படித் திரும்புவது

வியர்வை நின்றுபோதல், தலைசுற்றல், வெயிலில் குளிர்வது போன்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஓட்டுவதை நிறுத்தி, நிழலில் படுத்து, உடம்பை ஈரத்துணியால் நனைக்க வேண்டும். அரை மணியில் தெளியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். அதற்குச் சொல்ல வசதியாக, கடந்துவந்த கடைசி ஊரின் பெயரையும் கிலோமீட்டர் கல்லையும் கவனித்துக்கொண்டே ஓட்டுங்கள்.

சாயல்குடியில் ரயில் நிலையம் இல்லை. உடம்பில் தெம்பு இருந்தால் ஐந்தாம் நாள் வேம்பார், தருவைக்குளம் வழியாக 60 கி.மீ.க்குச் சற்று மேல் ஓட்டித் தூத்துக்குடிக்குப் போய்விடலாம். வாடை அப்போதும் முதுகில்தான் இருக்கும். ரயில் அங்கிருந்து புறப்படுவதால் சைக்கிளை ஏற்ற நேரம் கிடைக்கும். இடைநிலையங்களில் வண்டி சில நிமிடங்களே நிற்பதால் பார்சல் பெட்டி திறப்பதற்குள் மணி அடித்துவிடும். தொடக்கத்தில் ராமேசுவரத்துக்கு வரும்போதும், கடைசி நிலையம் என்ற இதே காரணத்துக்காக, சைக்கிளை ராமநாதபுரத்தில் இறக்காமல் ராமேசுவரம் வரை கொண்டுபோங்கள்.

பார்சல் அலுவலகத்துக்கு வண்டி புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். பயணச்சீட்டு, அடையாள அட்டை நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கியர் பகுதியை அட்டை வைத்துச் சாக்கால் சுற்றிக் கட்டுங்கள். பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையை இரண்டு இடங்களில் தொங்கவிடுங்கள், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று நிற்கும். டயர்களில் காற்றைப் பாதியாவது இறக்கிவிடுங்கள். கண்ணாடி, விளக்கு, பம்பு போன்றவற்றை வண்டியிலேயே விட்டுவைக்காமல் கழற்றி உங்கள் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்து சேர்ந்த வாரத்துக்குள் சக்கரங்களின் நடுக்குடம், பெடல் அச்சு ஆகியவற்றின் பேரிங்குகளைத் திறந்து பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிது வைத்துவிடுங்கள். வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே போன உப்பும் மணலும் அங்கேதான் தங்கியிருக்கும். அடுத்த மழைக்குள் அவை குண்டுகளை அரித்துவிடும்.